வேலை போன டியேகோவை ஏன் கொன்றார்கள்?

கோயம்புத்தூர்,
12.11.2019

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில் 'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' படத்துக்கு விமர்சனம் வந்திருந்தது. கால் பத்திதான். 'புது மொந்தையில் பழைய கள்' என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டு முடித்துவிட்டார் உங்கள் விமர்சகர். மார்க்கில் எனக்குச் சண்டை இல்லை. நான் போட்டாலும் இரண்டரைக்கு மேல் தேறாது. ஆனால் அந்தப் படத்தில் பேச வேண்டியது ஒரு விஷயம் இருக்கிறது: தொழிற்சாலையில் ரோபோவிடம் வேலையைப் பறிகொடுக்கிற டியேகோ. அதை அவர் தொடவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிடும் என்று இப்போதே தெரிகிறது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். தொழிற்சாலை பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் சினிமா எழுதுகிற ஆள் இல்லை. கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறையில், வேலை. 1990-இல் பதினெட்டு வயதில், மண்ணில் அச்சு செய்கிற மோல்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மண் சலிப்பது, அச்சுப் பாக்ஸ் தூக்குவது, மண்ணை இறுக்க ரேமர் பிடித்து இடிப்பது என்று ஆரம்பித்து, இன்றைக்கு லைன் சூப்பர்வைசர். பம்ப் பாடி, மோட்டார் பாடி, வண்டிக்குப் போகிற சில வார்ப்படங்கள் எல்லாம் எங்களிடம் வருகின்றன. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தை நான் முதன்முதலில் பார்த்தது தியேட்டரில் இல்லை, பவுண்டரிக்குள்.

1993 ஆயுத பூஜை. அந்தக் காலத்தில் பூஜை அன்றைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். உலைக்குச் சந்தனம் பூசி, கிரேன் கொக்கிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்த பிறகு, மோல்டிங் ஷெட்டில் மண்ணைச் சமன் செய்து பாய் விரித்தோம். கேசட் மூன்று. எம்.ஜி.ஆர். படம் ஒன்று, ரஜினி படம் ஒன்று. மூன்றாவது, கடைக்காரர் 'இதையும் கொண்டு போங்க, பைட்டு நல்லா இருக்கும்' என்று கையில் திணித்த இங்கிலீஷ் கேசட். இரவு பத்து மணிக்கு மேல்தான் அதைப் போட்டோம். வசனம் ஒன்றும் யாருக்கும் புரியவில்லை. எதிர்காலத்திலிருந்து ஜான் கானர் என்கிற சிறுவனைத் தேடி வருகிற இயந்திர மனிதன் அர்னால்டு நல்லவனா கெட்டவனா என்பதே கால் மணி நேரம் குழப்பம். போலீஸ் உடுப்பில் வந்தவன் கம்பிக் கதவுக்குள் பாதரசம் மாதிரி நுழைந்து போய், துப்பாக்கி மட்டும் கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் ஷெட் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு அப்புறம் யாரும் தூங்கவில்லை.

கடைசியில் அவர்கள் ஓடி ஒளிகிற இடம் ஓர் உருக்காலை என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! நம்ம இடத்துக்கே வந்துட்டாங்க என்கிற சந்தோஷம். 'அதோ லேடில்' (குழம்பை ஏந்துகிற வாளி), 'அதோ கிரேன்' என்று ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசிக் காட்சியில் அர்னால்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியாது, நீதான் இறக்கிவிட வேண்டும் என்று அந்தப் பையனின் அம்மா சாராவிடம் சொல்வான். அவள் சங்கிலிக் கிரேனின் பெண்டன்ட் சுவிட்சைக் கையில் பிடித்து, 'டவுன்' பட்டனை அமுக்குவாள். நாங்கள் தினமும் நூறு தடவை அமுக்குகிற பட்டன். அவன் கட்டை விரலை உயர்த்தியபடி உருக்குக்குள் இறங்கி முடிக்கிற வரைக்கும் ஷெட்டில் ஒரு பேச்சு இல்லை.

பேச்சு வந்தபோது எங்கள் உலை மேஸ்திரியிடமிருந்துதான் வந்தது. அப்போதே அவருக்கு அறுபது இருக்கும். குபோலா என்கிற பழைய கரி உலைக் காலத்து ஆள். இடது கன்னத்தில் பழைய தீக்காயத் தழும்பு. "ஏங்கண்ணு, அந்தப் பையன் அத்தனை பக்கத்துல நிக்கறானே, புருவம் பொசுங்காதா?" என்றார். அதோடு விடவில்லை. மனுஷத் தோல் போர்த்தியிருக்கிறான் என்றால் உடம்பில் ஈரம் இருக்கும், ஈரத்தோடு ஒரு சொட்டு குழம்புக்கு அடியில் போனால் கூரை தாங்காது, இவன் பாயசத்தில் கரண்டி விட்ட மாதிரி இறங்குகிறானே என்றார். அவர் கன்னத்துத் தழும்பு மழையில் நனைந்த ஸ்கிராப்பை யாரோ பார்க்காமல் உலையில் போட்டதால் வந்தது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி உருகிய இரும்பை வாரி அடிக்கும். பவுண்டரியில் எல்லாரும் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது.

அப்புறம் மூழ்குவானா மிதப்பானா என்று பட்டிமன்றம். உருகிய இரும்பு தண்ணீரைப் போல ஏழு மடங்கு கனம். மனுஷ உடம்பு அதில் தக்கை மாதிரி மிதக்கும். "உள்ளே இரும்பு எலும்புக்கூடுங்க, முழுகும்" என்றான் ஒருவன். "எலும்பு முழுகட்டும்டா, சதை என்ன பண்ணும்?" என்றார் மேஸ்திரி. நிறமும் தப்பு என்று தீர்ப்பானது. நாங்கள் வார்ப்பிரும்பை 1,350, 1,400 டிகிரியில் ஊற்றுவோம். உருக்கு என்றால் 1,600 பக்கம் போக வேண்டும். அந்தச் சூட்டில் குழம்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்காது, கண் கூசுகிற வெள்ளையாக இருக்கும். நீலக் கண்ணாடி போடாமல், உலை பார்க்கிற மெல்ட்டர் எட்டிப் பார்க்க மாட்டார். இவ்வளவு குறை சொல்லிவிட்டு, டேப்பைப் பின்னால் சுற்றச் சொல்லி அந்தக் கடைசிக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னதும் அதே மேஸ்திரிதான்.

அன்று பிடித்த பித்து இருபத்தாறு வருஷமாக விடவில்லை. அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் செய்த காட்சிகள் மொத்தமே ஐந்து நிமிஷ அளவுதானாம். மீதியெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த பொம்மையும் முகமூடியும். மேம்பாலத்துக்கு அடியில் ஹெலிகாப்டர் நுழைகிறதே, அது உண்மையான ஹெலிகாப்டர், உண்மையான பைலட். உருக்காலையில் இரண்டு சாராக்கள் தெரிவார்கள். கேமரா தந்திரம் என்று நினைத்திருந்தேன். சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரியைக் கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

படத்தில் உலகம் அழிவதாகச் சொன்ன நாள் 29 ஆகஸ்ட் 1997. வெள்ளிக்கிழமை. எனக்கு இரண்டாம் ஷிப்ட். சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போய் உலை டிரிப் ஆனதும், இருட்டுக்குள்ளிருந்து ஒருவன் "வந்துட்டான்டோய்" என்று கத்தினான். ஆயுத பூஜை அன்று படம் பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் எங்களைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள்.

இன்னொன்றும் படித்தேன், அது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. அந்த உருக்காலைக் காட்சிகளை எடுத்த இடம் கலிபோர்னியாவில் ஃபான்டானா என்கிற ஊர். போர்க்காலத்தில், 1942-இல் தொடங்கிய கைசர் உருக்காலை. ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்த இடம், எண்பதுகளில் மூடிவிட்டார்கள். படம் எடுக்கும்போது அங்கே உலை எரியவில்லை. குழம்பாகத் தெரிந்தது விளக்கு போட்டுச் செய்த வித்தை. பிறகு அந்த ஆலையின் ஒரு பகுதியைச் சீனக் கம்பெனி விலைக்கு வாங்கி, கழற்றி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. மேஸ்திரி சொன்ன நிறக் குற்றத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்ல ஆசை. அவர் 2004-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடுவில் வந்த மூன்று படங்களையும் பார்த்தேன். 2003-இல் வந்ததில் கடைசிப் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. 2009-இல் அர்னால்டே இல்லை, முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். 2015-இல் ஜான் கானரையே வில்லன் ஆக்கினார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்தப் புதுப் படம் அந்த மூன்றையும் இல்லை என்று வைத்துக்கொண்டு, 1991 படத்துக்கு நேர் அடுத்த பாகமாக வந்திருக்கிறது. உங்கள் விமர்சகர் 'ஆறாம் பாகம்' என்று எழுதியது கணக்குப்படி சரி. கதைப்படி இது மூன்றாம் பாகம். முதல் இரண்டு படங்களை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பில் இருக்கிறார், கதையிலும் கை இருக்கிறது, லிண்டா ஹாமில்டன் திரும்பி வருகிறார் என்றதும் நான் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

தீபாவளிக்கு வந்த பிகிலும் கைதியும் எல்லாத் திரையையும் பிடித்துக்கொண்டதால் எங்கள் ஊரில் இதற்குக் கிடைத்தது மதியக் காட்சிதான். தமிழ் டப்பிங். இந்த ஞாயிறு நானும் மகனும் போனோம். உள்ளே எண்ணி இருபது பேர் இருந்தால் அதிகம். மகனுக்கு இருபத்து மூன்று வயது. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, தொழிற்சாலைகளுக்கு ரோபோ வைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிறான். சின்ன வயதில் அவனுக்கு இந்தப் படங்களைக் காட்டி வளர்த்தது நான்தான்.

படம் ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே ஜானைக் கொன்றுவிடுகிறார்கள். 1998, குவாத்தமாலா, கடற்கரை. பழைய சிறுவன் முகம், பழைய சாரா முகம், பழைய அர்னால்டு முகம், மூன்றும் கம்ப்யூட்டரில் செய்தவை. அர்னால்டு நடந்து வருகிறான், சுடுகிறான், போகிறான். எனக்கு முன் வரிசையில் இருந்தவர் "அட போங்கப்பா" என்று சத்தமாகவே சொன்னார். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. உலகம் பூரா ரசிகர்கள் கோபப்படுவது இந்த ஒரு காட்சிக்குத்தான். நியாயமான கோபம். இந்தப் பையனுக்காகத்தானே அந்த இயந்திரம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு உருக்குக்குள் இறங்கியது? நாங்கள் ஷெட்டில் மூச்சு விடாமல் பார்த்தது இதற்கா?

ஆனாலும் அந்தக் கோபத்தோடு நான் எழுந்து போய்விடவில்லை. ஏனென்றால் அடுத்துக் கதை போகிற இடம் மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் தொழிற்சாலை.

டேனி என்று ஒரு பெண், அவளுடைய சகோதரன் டியேகோ. இரண்டு பேருக்கும் அந்தத் தொழிற்சாலையில் வேலை. காலையில் கிளம்பி, மற்ற தொழிலாளிகளோடு உள்ளே போகிறார்கள். டியேகோ தன் இடத்துக்குப் போனால் அங்கே ஒரு ரோபோ கை நின்று வேலை செய்துகொண்டிருக்கிறது. நேற்று வரைக்கும் அவன் நின்ற இடம். உனக்கு இனி இங்கே வேலை இல்லை என்கிறார்கள். டேனி விடாமல் மேலதிகாரியிடம் நியாயம் கேட்கப் போகிறாள்.

ஆசிரியர் அவர்களே, நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். 1993-இல் உருக்காலையைப் பார்த்து எப்படி நிமிர்ந்தேனோ அப்படி. முப்பத்தைந்து வருஷமாக இந்தப் படங்கள், இயந்திரம் ஒரு நாள் மனுஷனை அழிக்க வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. மண்டை ஓட்டை மிதித்துக்கொண்டு, சிவப்புக் கண்ணோடு, லேசர் துப்பாக்கி பிடித்து வரும் என்று காட்டின. எங்கள் கம்பெனிக்கு அது வந்தது லாரியில், தெர்மகோல் சுற்றி, பெட்டியில். மூன்று வருஷம் ஆகிறது. பெட்லிங் பகுதியில், அதாவது வார்த்து எடுத்த காஸ்டிங்கில் ரன்னர், ரைசர் உடைத்த மிச்சத்தையும் ஓரத்துப் பிசிறையும் தேய்க்கிற இடத்தில், ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர் இருந்தார்கள். கிரைண்டிங் சக்கரமும் கையுமாக நிற்கிற வேலை. மூன்று ஷிப்டுக்குப் பதினெட்டு பேர். இப்போது மஞ்சள் வேலிக்குள் இரண்டு கைகள், வேலிக்கு வெளியே ஷிப்டுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். வந்த முதல் நாள் அந்தக் கைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். வைத்தவர்களில் நாலு பேர் வேலை இழக்கப் போகிறவர்கள், அது அவர்களுக்கே தெரியும். சாமி கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்படி வேலை போனவர்களில் ஒருவர் இப்போது கால் டாக்சி ஓட்டுகிறார். இரண்டு பேர் ஏடிஎம் வாசலில் காவல். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இது எங்கள் கம்பெனி மட்டும் செய்த காரியமும் இல்லை. இந்த வருஷம் வண்டி விற்பனை படுத்ததில், ரோபோ இல்லாத பட்டறைகளிலும் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள்.

ஆகவே அந்தக் காட்சியில் டேனி மேலதிகாரி முன்னால் போய் நின்றதும், அவர் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் நான் கேட்டதில்லை. படத்திலாவது கேட்கலாம் என்று பார்த்தால், அதற்குள் டேனியைக் கொல்ல வந்த இயந்திர வில்லன் வந்துவிட்டான். டேனியின் அப்பா உருவத்தில் வருகிறான், டேனியைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த கிரேஸ் அவனைச் சுடுகிறாள், சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்கிறாள், தொழிற்சாலை நொறுங்குகிறது. சண்டை அபாரம், மறுக்கவில்லை. அவன் உடம்பு கருப்புக் குழம்பாக வழிந்து, எலும்புக்கூடு தனியாக, தோல் தனியாக இரண்டு ஆளாகப் பிரிவது நல்ல கற்பனை. அப்புறம் வண்டித் துரத்தல், நெடுஞ்சாலை. அதிலேயே டியேகோ செத்துப்போகிறான்.

இங்கேதான் எனக்குக் குறை. ஜானைக் கொன்றதற்காவது படத்தில் ஒரு பயன் இருக்கிறது. சாராவின் கோபம், அர்னால்டின் குற்ற உணர்ச்சி எல்லாம் அதிலிருந்து வருகின்றன. டியேகோ செத்ததில் என்ன பயன்? காலையில் ஒரு ரோபோ அவன் வேலையைப் பிடுங்கியது, மத்தியானம் இன்னொரு ரோபோ அவன் உயிரைப் பிடுங்கியது. முதல் ரோபோவைப் பற்றிப் படம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போனவனை என்ன செய்வது என்று கதாசிரியர்களுக்குத் தெரியவில்லை, ஆளையே காலி செய்துவிட்டார்கள். அவன் பிழைத்திருந்து, வேலை இல்லாமல், தன் சகோதரியோடு அமெரிக்க எல்லை தாண்டிப் போயிருந்தால்? பின்னால் வரப்போகிற லீஜியன் என்கிற இயந்திர மூளையை எதிர்க்கப் போகிற கூட்டத்தில், ஒரு சாதாரண ரோபோவிடம் முதலில் தோற்றவன் அவன்தானே! ரசிகர்கள் ஜானுக்காக அழுகிறார்கள். நான் டியேகோவுக்காக எழுதுகிறேன்.

உங்கள் விமர்சகர் அந்தத் தொழிற்சாலையை 'வழக்கமான சண்டைக் களம்' என்று மூன்று வார்த்தையில் தாண்டிவிட்டார். அவர் ஒரு நாள் எங்கள் பக்கம் வந்தால் நானே சுற்றிக் காட்டுகிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது தாண்டிய லிண்டா ஹாமில்டன், நரைத்த முடியும் சுருங்கிய கழுத்துமாக, மேக்கப்பில் மறைக்காமல் வந்து நெடுஞ்சாலையில் ராக்கெட் துப்பாக்கியோடு இறங்குகிற காட்சிக்கு நான் விசில் அடித்தேன். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். நம் படங்களில் ஹீரோவுக்கு மட்டும்தான் அந்த வயதில் அப்படி ஒரு நுழைவு கிடைக்கும். ஜானைக் கொன்ற அதே அர்னால்டு, வேலை முடிந்ததும் கட்டளை இல்லாமல் காட்டோரம் ஒரு குடும்பத்தோடு தங்கி, கார்ல் என்று பெயர் வைத்துக்கொண்டு திரைச்சீலை வியாபாரம் செய்கிறான் என்பது சிரிப்பாகத் தொடங்கி, மெல்ல மனசில் இறங்குகிற விஷயம். குழந்தை அறைக்கு எந்த மாதிரித் துணி போட வேண்டும் என்று அவன் அக்கறையாகச் சொல்லும்போது தியேட்டரில் இருந்த இருபது பேரும் சிரித்தோம். விமானச் சண்டையும் தண்ணீருக்கு அடியில் நடப்பதும் ஒரே இருட்டு. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவ்வளவு கோடி செலவு செய்தவர்கள் இரண்டு லைட் கூடப் போட்டிருக்கலாம். முடிவில் அர்னால்டு அணைக்கட்டு மின் நிலையத்தில் வில்லனையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். ஜானின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டனை அமுக்க இந்த முறை யாருமில்லை.

படம் விட்டதும் எதிர்ப் பேக்கரியில் டீ குடித்தோம். நான் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். மகன் கொஞ்ச நேரம் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு சொன்னான்:

"அப்பா, நான் சொல்லிக்கொடுக்கற கை நாலு பேர் வேலைய எடுத்துக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்த நாலு பேரோட நுரையீரலையும் கணக்குல சேத்துக்குங்க. உங்க முதுகையும் சேத்துக்குங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பெட்லிங்கில் பதினைந்து வருஷம் நின்றவர் இருமுகிற இருமலை நான் கேட்டிருக்கிறேன். மணல் தூசி உள்ளே போனால் திரும்பி வராது. எனக்கும் நாற்பது வயதிலேயே இடுப்பில் பெல்ட் போட்டுவிட்டார் டாக்டர். பாக்ஸ் தூக்கித் தேய்ந்த முதுகு. ரோபோவை உள்ளே விடாதே என்று கொடி பிடிக்க எனக்கு வாய் வராது. "சரி, ஆனா டாக்சி ஓட்டறவரு கிட்ட போய் உன் நுரையீரல் தப்பிச்சுதுன்னு நீ சொல்லுவியா?" என்று கேட்டேன். அவன் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டான்.

அவன் வேலை செய்கிற விதத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கிற கருவியை டீச் பெண்டன்ட் என்பார்களாம். கையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து சுவிட்சைப் பாதி அமுக்கியபடியே, அந்தக் கையை விரற்கடை விரற்கடையாக நகர்த்துகிறான். இங்கே வா, இங்கே நில், இவ்வளவு அழுத்து, திரும்பு. பிடியை விட்டாலும் நின்றுவிடும், பயந்து இறுக்கினாலும் நின்றுவிடும். கிரேன் பெண்டன்டை நான் பிடிக்கிற மாதிரியேதான் பிடிக்கிறான், கட்டை விரல் மேலே, கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஷெட்டுக்கு வந்து பார்த்ததுதான்.

அடுத்த பாகம் எடுப்பார்களா என்று தெரியவில்லை. எடுத்தால் முதல் நாளே போவேன். மதியக் காட்சி கிடைத்தாலும் சரி, டிவியில் போட்டாலும் சரி.

கடைசியாக ஒரு திருத்தம். விமர்சனத்தோடு நீங்கள் போட்டிருந்த இரண்டாம் பாகத்துப் படத்துக்குக் கீழே 'இரும்புக் குழம்பில் இறங்கும் அர்னால்டு' என்று அச்சாகியிருந்தது. அது இரும்பு இல்லை, உருக்கு. வசனத்திலேயே அவன் அப்படித்தான் சொல்கிறான். எங்கள் தொழிலில் இரண்டும் வேறு வேறு. கரி அளவு வேறு, சூடு வேறு, உலையும் வேறு. மேஸ்திரி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவரே எழுதியிருப்பார், முதல் வரியிலேயே இதைத்தான் எழுதியிருப்பார்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கம்பெனி கேன்டீனில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
வார்ப்படத் தொழிலாளி ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.